பொன்னிலை அசைந்த நேரம்

சுவரின் அந்தப் பக்கமிருந்து ஹின்ரிக் ஒரு தட்டுத் தட்டினால், விளக்கை மறைத்திருந்த தகட்டை விலக்கிவிட்டான் என்று பொருள். இந்தப் பக்கமிருந்து வீப்கே ஒரு தட்டுத் தட்டினால், பொன்னிலை அசைந்துவிட்டது என்று பொருள். இரண்டு தட்டுகளுக்கும் நடுவே எத்தனை விநாடி என்று தெரிந்துகொள்ளத்தான் கணவனும் மனைவியும் மூன்று வருடமாகப் பல்கலைக்கழகத்தின் நிலவறைக்கு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவள் பக்கத்து அறையில் காற்று உறிஞ்சப்பட்ட ஒரு கண்ணாடிக் குடுவை இருந்தது. உள்ளே ஒரு சோடியத் துண்டு. காற்றுப் பட்டால் நொடியில் மங்கிப்போகும் உலோகம் என்பதால், குடுவைக்குள்ளேயே சிறு கத்தி ஒன்றை வைத்து, வெளியே காந்தத்தை நகர்த்தி அதைச் சீவுவார்கள். சீவிய முகம் வெள்ளி போலப் பளபளக்கும். சுவரிலிருந்த சிறு துளை வழியாக விளக்கின் நீல ஒளி அதன்மேல் விழும். விழுந்தால் உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். அவை கிளம்பக் கிளம்ப மின்னூட்டம் குறையும். சோடியத்தோடு கம்பியால் இணைத்த தண்டில், அந்த மின்னூட்டத்தால் விறைத்துப் பிரிந்து நின்ற பொன்னிலை என்ற மெல்லிய தங்கத் தாள் தளர்ந்து கீழே இறங்கும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து அந்த இலையைப் பார்த்துக்கொண்டிருப்பது வீப்கேயின் வேலை.

உண்மையில் அது ஹின்ரிக் செய்திருக்க வேண்டிய வேலை. மூன்று வருடத்துக்கு முன்பு, இந்தச் சோதனை தொடங்குவதற்குள், ஈரக் கையால் எடுத்த ஒரு சோடியத் துண்டு வெடித்து அவனுடைய வலது கண்ணைப் பறித்துக்கொண்டது. இடது கண்ணுக்குப் பூதக்கண்ணாடி வைத்தால் பெரிய எழுத்துகள் தெரியும், அவ்வளவுதான். மருத்துவமனையிலிருந்து வந்த மறுவாரம், இனி நிலவறைக்கு யார் போவது என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மேல்கோட்டை மாட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் படியிறங்கினாள். அவர்கள் வீட்டில் பெரிய முடிவுகள் எல்லாம் இப்படித்தான் பேச்சில்லாமல் நடந்தன.

காலையில் இரண்டு மணி நேரம் பாதரசப் பம்பை ஏற்றி இறக்கிக் குடுவையைக் காலி செய்வது பல்கலைக்கழக வேலையாள் டீட்யே. அறுபது வயது, கப்பலில் சமையல்காரராக இருந்தவர். இந்தத் துறைமுக ஊரில் காற்றை வெளியே இறைப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் தான்தான் என்று சொல்லிக்கொள்வார். மற்றவர்கள் காற்றை வாங்கக் கடற்கரைக்குப் போகிறார்களாம்.

ஹின்ரிக்கின் நம்பிக்கை எளிமையானது. ஒளி ஓர் அலை. கூரை விளிம்பிலிருந்து சொட்டும் மழை தொட்டியில் சேர்வதுபோல அலையின் சக்தி எலக்ட்ரானுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். போதுமானது சேர்ந்ததும் எலக்ட்ரான் உலோகத்தை விட்டுக் கிளம்பும். அப்படியானால் ஒளியை மங்கலாக்க மங்கலாக்க அது கிளம்ப நேரமாக வேண்டும். விளக்கின் முன்னால் புகை படிந்த கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தான். நான்கு கண்ணாடிக்கு இருபது விநாடி, ஐந்துக்கு நாற்பது, ஆறுக்கு எண்பது என்று கணக்கும் போட்டு வைத்திருந்தான். அந்தக் காத்திருப்பை இதுவரை யாரும் அளந்ததில்லை. அளந்துவிட்டால் பெரிய பெரிய இடங்களில் ஒளியைப் பற்றி நடக்கும் ஒரு வழக்கு முடிந்துவிடும்.

வழக்கின் எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்பதைச் துறையின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் ஓர் இளம் விரிவுரையாளர் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒளி சொட்டுச் சொட்டாகச் சேர்வதில்லை, பொட்டலம் பொட்டலமாக வருகிறது. ஓர் எலக்ட்ரான் ஒரு பொட்டலத்தை முழுசாக விழுங்கும், இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. விழுங்கியது போதுமென்றால் அந்தக் கணமே கிளம்பிவிடும், போதாதென்றால் எத்தனை காலம் வெளிச்சம் அடித்தாலும் கிளம்பாது. காத்திருப்பு என்று ஒன்றே கிடையாது. கூட்டத்தில் விளக்குகளை ஏற்றி அணைக்கப் பின்னால் நின்றிருந்த டீட்யே மறுநாள் பம்பை ஏற்றியபடி வீப்கேயிடம் சொன்னார்:

"எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான், அம்மா. ஆயிரம் ஆட்டுக்குட்டி முட்டினாலும் பட்டிக் கதவு திறக்காது. ஒரே ஒரு கிடா வந்து முட்டினா திறந்துரும். ஐயாகிட்ட சொல்லிராதீங்க, அப்புறம் என்னைப் பட்டியில அடைச்சிருவாரு."

அவள் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுவதும் அவளுடைய மேசையில் எரிந்த சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அளவுகோலைப் படிக்க அவளுக்குக் கொஞ்சம் வெளிச்சம் வேண்டுமே, அதற்காக வைத்தது. சிவப்பு ஒளி சோடியத்தை ஒன்றும் செய்யாது என்பதால்தான் அந்த விளக்கு. எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் சொட்டுச் சொட்டாகச் சேருமென்றால், காலையிலிருந்து மாலைவரை குடுவைக்குப் பக்கத்திலேயே எரிகிற இந்தச் சிவப்பு ஏன் சேரவில்லை? ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். அலை அதிரும் வேகத்துக்கும் எலக்ட்ரானின் ஊசலுக்கும் பொருத்தம் வேண்டும் என்று ஹின்ரிக் நீளமாக விளக்கினான். அவள் தலையாட்டினாள். விளக்கம் முடிந்த பிறகும் கேள்வி அப்படியே இருந்தது.

முதல் இரண்டு வருடமும் அவன் தட்டிய கையோடு அவள் தட்டினாள். நான்கு கண்ணாடி வைத்தாலும் சரி, ஐந்து வைத்தாலும் சரி, ஒளி விழுந்த கணத்திலேயே இலை இறங்கத் தொடங்கியது. மங்கலான ஒளியில் மெதுவாக இறங்கியது, அதுதான் வித்தியாசம்; தொடங்குவதற்கு அது காத்திருக்கவில்லை. எங்கோ வெளிச்சம் கசிகிறது என்றான் ஹின்ரிக். துளையைச் சுற்றிக் கம்பளி வைத்து அடைத்தான். சுவர் முழுக்கக் கறுப்புக் காகிதம் ஒட்டினான். கதவிடுக்கில் அரக்கு ஊற்றினான். பார்வை மங்கிய மனிதன் விரல் நுனியால் தடவித் தடவி வெளிச்சத்தின் ஓட்டையைத் தேடுவதை அவள் நின்று பார்த்திருக்கிறாள். பிறகு மறுபடி ஒரு தட்டு. மறுபடி உடனே பதில் தட்டு. அவன் குறிப்பேட்டில் பூஜ்யம் என்று எழுதி, அதன் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் 'கசிவு' என்று எழுதுவான்.

மூன்றாம் வருடம் பிப்ரவரியில் துறைமுகம் உறைந்து கிடந்தது. பேராசிரியர் பதவி ஒன்று மூன்றாவது முறையாக அவனைத் தாண்டி வேறொருவருக்குப் போயிருந்தது. மூன்று நாளாக அவன் இரண்டு கரண்டி மோர்க்கஞ்சிக்கு மேல் சாப்பிடவில்லை. நான்காம் நாள் காலை ஐந்து கண்ணாடிகளை வைத்துவிட்டுச் சுவரைத் தட்டினான். தட்டிய சத்தமே மெலிந்திருந்தது.

இலை உடனே அசைந்தது. வீப்கேயின் விரல் மடங்கிச் சுவருக்கு அருகில் இருந்தது. அது தட்டவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. ஒரு மூச்சு நேரம், ஒரே ஒரு மூச்சு நேரம் அவன் நம்பிக்கையோடு இருக்கட்டும் என்றுதான் இருந்தது. அந்த மூச்சு முடிந்து இன்னொன்று வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவனும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. இலை முழுவதும் இறங்கி, தன் தண்டின்மேல் சாய்ந்து படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஆனது. பத்து மூச்சு ஆகியிருக்கும், அவள் தட்டினாள்.

"முப்பத்தொம்பது" என்றான் சுவருக்கு அப்பாலிருந்து. பிறகு ஒரு சத்தம் கேட்டது. அது அவன் சிரிப்பு என்று புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு கணம் பிடித்தது.

ஆறு கண்ணாடிக்கு எழுபத்தெட்டு வந்தது. அவள் கணக்கெதுவும் போடவில்லை. எத்தனை மூச்சு என்பது அவள் உடம்புக்கே தெரிந்திருந்தது. வசந்தம் முடிவதற்குள் இருபத்துமூன்று அளவுகள். ஹின்ரிக்கின் கன்னம் சதை பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரை வரை நடந்தார்கள். குறிப்பேட்டின் புள்ளிகளைச் சேர்த்தால் கோடு வைத்து வரைந்ததுபோல நேராக வருகிறது என்று அவன் டீட்யேயிடம் சொன்னானாம். இயற்கை இவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்டு நடந்து தாம் பார்த்ததில்லை, தம் மனைவிக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று டீட்யே கேட்டாராம்.

அவர்கள் இருவரும் பேசாமல் இருப்பதற்குப் பழகியவர்கள். இரவு உணவு முழுக்க ஒரு வார்த்தையும் இல்லாமல் கழியும். எழுந்திருக்கும்போது நிறையப் பேசிவிட்டது போல இருக்கும். இருபது வருடத் தாம்பத்தியத்தில் அவள் மிகவும் நேசித்தது அந்த மௌனத்தைத்தான். இப்போது அதற்குள் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. அவன் எதிரே பேசாமல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போதெல்லாம், தான் அப்போதும் சுவருக்குப் பக்கத்தில் விரலை மடக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருப்பாள். நாளை வரும். அவன் சீட்டியடித்துக்கொண்டு சவரம் செய்வான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை, ஆய்விதழிலிருந்து கட்டுரையின் மெய்ப்புத் தாள்கள் வந்தன. புதன்கிழமைக்குள் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டால் அது உலகத்தின் சொத்து. செப்டம்பர் மாநாட்டில் அவன் அதை வாசிக்கப் போகிறான்; எதிர்த்தரப்புக்காரர்கள் அத்தனை பேரும் வரிசையில் உட்கார்ந்து கேட்பார்கள். அவர்களில் ஒருவன் ஊருக்குத் திரும்பிப்போய் ஒரு குடுவையை எடுத்து, இலை காத்திருப்பதே இல்லை என்பதை ஒரே காலைப்பொழுதில் பார்த்துவிடுவான்.

அவர்கள் மெய்ப்புப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. வீப்கே அச்சிலிருந்து நிறுத்தற்குறிகள் உட்பட உரக்கப் படிப்பாள். ஹின்ரிக் தான் பெரிய எழுத்தில் எழுதிய கைப்பிரதியைப் பூதக்கண்ணாடி வைத்துத் தொடர்ந்து வருவான். ஞாயிறு மதியம் பிளம் பழக் கேக்கும் தேநீரும் மேசையில் வந்தபின் தொடங்கினார்கள். முன்னுரை போனது. கருவியின் விவரம் போனது. டீட்யேயின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. ஹின்ரிக் சிரித்தான், மனிதர் உண்மையிலேயே கொஞ்சம் இளைத்துத்தான் போயிருக்கிறார் என்றான். அவள் அடுத்த தாளைத் திருப்பும்போது கடைசி வரி கண்ணில் பட்டுவிட்டது. 'இந்த அளவுகளைக் கண்டவை என் மனைவியின் கண்கள். என்னிடம் இருந்த கண்களைவிட அவற்றை நான் நம்புகிறேன்.' அந்த வரியை அவன் அவளிடம் காட்டாமல் எழுதியிருந்தான்.

அட்டவணை வந்தது.

"நான்கு கண்ணாடி, காற்புள்ளி" என்று அவள் படித்தாள். குரல் தன்னுடையதாக இல்லை. "கணக்கிட்டது இருபது, காற்புள்ளி. அளந்தது பூஜ்யம்."

ஹின்ரிக் பென்சிலை எடுத்தான். "அச்சுக் கோக்கிறவன் தூங்கிட்டான் போல. பத்தொம்பதுன்னு திருத்து."

"ஐந்து கண்ணாடி, காற்புள்ளி. கணக்கிட்டது நாற்பது, காற்புள்ளி. அளந்தது பூஜ்யம்."

"அதுவுமா? வரிசையவே கொட்டிட்டானா?"

"அச்சுல சரியாத்தான் இருக்கு, ஹின்ரிக். பத்தொம்பது, முப்பத்தொம்பது, எழுபத்தெட்டு. எல்லாம் நீ எழுதின மாதிரியே இருக்கு."

"பின்ன நீ எதைப் படிக்கிற?"

"நான் பாத்ததை."

அவன் பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தான். வெளியே யாரோ வண்டியோட்டிக்கொண்டு போனார்கள். சக்கரச் சத்தம் தெருமுனை வரை போய்த் தேய்ந்தது. அது முற்றிலும் அடங்கிய பிறகுதான் எத்தனை தடவை என்று கேட்டான். இருபத்துமூன்றும் என்றாள். முதல் தடவை எப்படி நடந்தது என்பதையும், இலை படுத்துக்கொண்ட பிறகும் தான் தட்டாமல் இருந்ததையும் எதையும் குறைக்காமல் சொன்னாள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயலவில்லை.

"என்மேல பரிதாபப்பட்டியா?"

"இல்ல. நீ சிரிச்சு ஒரு வருஷம் ஆயிருந்துச்சு. எனக்கு அது வேணும்னு இருந்துச்சு."

கோபம் வந்தால் அவனுக்கு மூக்கு நுனி வெளுக்கும். அப்படி ஒன்றும் தெரியவில்லை. பிறகு, சோதனையின் முடிவு ஒன்றைச் சரிபார்க்கும்போது கேட்கும் அதே குரலில் கேட்டான்:

"இப்ப சொல்றது மட்டும் நிஜம்னு நான் எப்படி நம்புறது?"

நியாயமான கேள்விதான் என்று அவளுக்குப் பட்டது. அவனுக்கு வேறு கண் இல்லை, அவள் ஒருத்திதான். பொய்யும் அவள் வழியாகத்தான் வந்தது, உண்மையும் அவள் வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. எழுந்து கைத்தடியை எடுத்துக்கொண்டு அவன் வெளியே போனான். தனியாகப் போகாதே என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. இத்தனை நாள் அவனைக் காப்பாற்றியதே போதும் என்று இருந்தது. தேநீர் ஆறும்வரை, பிறகு மேசையின் நிழல் நீண்டு சுவரைத் தொடும்வரை உட்கார்ந்திருந்தாள்.

அவன் திரும்பி வந்தபோது காலணியெல்லாம் நனைந்திருந்தது. கடல்வரை போயிருக்கிறான். மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து, பழைய குறிப்பேட்டை எடுத்துவரச் சொன்னான். முதல் இரண்டு வருடத்தின் குறிப்பேடு. முதல் பக்கத்திலிருந்து படி என்றான்.

படித்தாள். பூஜ்யம், கோடு, கசிவு. பூஜ்யம், கோடு, கசிவு. பத்துப் பக்கம் ஆனதும் நிறுத்தட்டுமா என்றாள். எல்லாத்தையும் படி என்றான். நூற்றுப் பதினான்கு பூஜ்யங்கள். நூற்றுப் பதினான்கு தடவை அவள் அவனுக்கு உண்மையைச் சொல்லியிருந்தாள். அவன் கையாலேயே ஒவ்வொன்றையும் அடித்திருந்தான்.

"இதையெல்லாம் நம்பல" என்றான். "அந்த இருபத்துமூணை ஒரே தடவையில நம்பிட்டேன். ஒரு கசிவும் தேடல பாரு."

அவள் என்னவோ சொல்ல வந்தாள். அவன் கையை நீட்டி மேசைமேல் துழாவினான். பென்சிலைத் தேடுகிறான் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தாள். பென்சிலை விட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அவன் விரல்கள் குளிர்ந்து கிடந்தன.

அன்று மாலையே ஆய்விதழுக்குக் கடிதம் சொன்னான், அவள் எழுதினாள். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், அளவுகளில் பிழை நேர்ந்திருக்கிறது. யாருடைய பிழை என்று எழுதுவது எனக் கேட்டாள். தன்னுடையது என்று எழுதத் தயாராகவே இருந்தாள்.

"என்னோடதுன்னு எழுது. என்ன பதில் வேணும்னு முகத்துல எழுதி ஒட்டிக்கிட்டு உன்கிட்ட கேள்வி கேட்டிருக்கேன், மூணு வருஷமா."

"அப்ப செப்டம்பர் மாநாடு?"

"போய் உட்காந்து கேப்போம். திட்டுறவன் திட்டட்டும். கேக் மிச்சம் இருக்கா?"

திங்கள்கிழமை காலை நிலவறைக்கு இறங்கினார்கள். டீட்யே பம்பை முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். விளக்குப் பக்கம் இன்று நீங்கள் நில்லுங்கள் என்று ஹின்ரிக் அவரிடம் சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீப்கேயின் அறைக்குள் வந்து அவள் அருகில் போட்டான். சுவர் வழியாக டீட்யேயின் குரல் கேட்டது.

"இத்தனை நாளா நடுவுல சுவரை வெச்சே குடும்பம் நடத்தினீங்க. இன்னிக்கு என்ன ஐயா, ஒரே ரூம்ல?"

"ஏழு கண்ணாடி வையும் டீட்யே. வாயை மூடும், தகட்டைத் திறக்கும்."

ஏழு கண்ணாடிக்கு அவனுடைய பழைய கணக்கு இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. அவன் கையில் விநாடிக் கடிகாரம் இல்லை என்பதை வீப்கே கவனித்தாள். வேறு யாரையாவது பார்க்கச் சொல்லியிருக்கலாமே, டீட்யேவுக்குக் கழுகுக் கண்ணாயிற்றே என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். வேண்டாம் என்று தலையசைத்தான். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். சிவப்பு வெளிச்சத்தில் பொன்னிலை விறைத்து நின்றது. மூன்று வருடமாகப் பார்த்த இலைதான்.

சுவரில் தட்டு விழுந்தது.

"இப்ப" என்றாள். தட்டின் சத்தமும் அவள் சொல்லும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

அவன் ஒன்றும் எழுதவில்லை. அவள் பக்கமாகக் குனிந்து, காதைக் குடுவைக்கு அருகில் கொண்டுபோனான், ஏதாவது கேட்குமோ என்பதுபோல.

"எப்பன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றான். "எப்படின்னு சொல்லு. நான் பாத்ததே இல்ல."

அவள் இலையை இன்னொரு முறை உற்றுப் பார்த்தாள். தப்பாக எதையும் சொல்லிவிடக் கூடாது.

"ரொம்ப மெதுவா இறங்குது" என்றாள். "யாரும் தள்ளுற மாதிரி இல்ல. தானா இறங்குற மாதிரியும் இல்ல. ஓரம் மட்டும் கொஞ்சம் மினுங்குது."

"நடுங்குதா?"

"இல்ல. நேராத்தான் வருது."

"அப்புறம்?"

"இன்னும் வந்துட்டே இருக்கு" என்றாள் வீப்கே, கண்ணை எடுக்காமல். "பாதி வந்திருக்கு. இரு, சொல்றேன்."